மேக்குக்காரரின் டிராக்டர்

தஞ்சாவூர் ஜில்லாவில் வீம்புக்கென்று ஒரு பட்டா கொடுப்பதாக இருந்தால், முதல் பட்டா மேக்குக்காரர் பெயருக்குத்தான் போகும். முப்போகமும் வீம்பே விளைகிற நிலம் அது. தண்ணீர் வந்தாலும் விளையும், வராவிட்டாலும் விளையும். ஒரு சாண் வரப்புக்காக அண்ணனும் தம்பியும் தலைநரைக்கும் வரை கோர்ட்டுக்கு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஓடாத ஒரு டிராக்டருக்காக, அதுவும் கம்ப்யூட்டருக்குள் ஓடாத டிராக்டருக்காக, பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்த மனிதர் இவர் ஒருவர்தான்.

நான் விதையும் உரமும் விற்கிற ஒரு கம்பெனியில் ஊர் சுற்றும் வேலை பார்த்துக்கொண்டு, மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஓர் ஆண்கள் விடுதியில் தங்கியிருக்கிறேன். மேக்குக்காரர் அப்போது என் எதிர் அறை. திருத்துறைப்பூண்டிக்கும் அந்தப் பக்கம், வாய்க்கால் முடிந்து கடல் வாடை ஆரம்பிக்கிற கடைமடைக் கிராமத்துக்காரர். தஞ்சாவூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வேலை. மாப்பிள்ளையின் தொப்பையைக் குறைப்பார், மாமியாரின் முறைப்பைச் சிரிப்பாக மாற்றுவார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். விடுதியில் யாரும் அதைக் கேட்டதில்லை.

பெயருக்குக் காரணமான மேக் லேப்டாப் அவருக்குத் தலைத்தீபாவளிக்கு மாமனார் வீட்டில் போட்டது. "கூச்சப்படாம கேளுங்க மாப்பிள்ளை" என்றிருக்கிறார் பட்டுக்கோட்டை மாமனார். உலகத்து மாப்பிள்ளைகள் எல்லாம் சங்கிலி கேட்பார்கள், மோட்டார் சைக்கிள் கேட்பார்கள். மூத்த மாப்பிள்ளை மோட்டார் சைக்கிள்தான் கேட்டு வாங்கியிருந்தார். அதற்கு ஒரு படி மேலே போகவேண்டும் என்று இவர் மேக் கேட்டார். வந்ததும் அதைப் பூத்துண்டில் சுற்றி வைத்தார். திறக்கும்போதெல்லாம் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் திறப்பார். விடுதியில் யாராவது விண்டோஸ் லேப்டாப்போடு அந்தப் பக்கம் போனால், "பாவம், பொழைப்பு ஓடணுமே" என்று இரக்கப்படுவார்.

அந்த மூத்த மாப்பிள்ளை, அதாவது மேக்குக்காரருக்குச் சகலை, பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்தார். மாமனார் வீட்டுக்கு எதிர் வீடு. மண்டியை மூடிவிட்டு வந்தால் அவருக்கு ஒரே பொழுதுபோக்கு கம்ப்யூட்டர் விளையாட்டு. கோயில் திருவிழா சீரியல் விளக்கு மாதிரி கலர் கலராக எரிகிற பெரிய விண்டோஸ் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் டிராக்டர் ஓட்டி விவசாயம் பண்ணுகிற ஒரு விளையாட்டை விளையாடுவார். நிஜத் தோப்பில் காலை வைத்து வருஷக்கணக்காகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் நூறு வேலி கோதுமை.

வளைகாப்பு முடிந்து, மனைவி சுகந்தியைத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டில் விடப் போயிருக்கிறார் மேக்குக்காரர். இலை போட்டாயிற்று. கறிக்குழம்பு ஊற்றியாயிற்று. பக்கத்து இலையில் சகலை.

"என்ன சகலை, உங்க பொட்டியில நம்ம டிராக்டர் கேம் போட்டுட்டீங்களா? நீங்க அங்கேருந்து ஆடுங்க, நான் இங்கேருந்து ஆடுறேன். பொழுது போகும்."

"போட்டுட்டாப் போச்சு."

"மேக்ல அதெல்லாம் ஓடாதுன்னு பசங்க சொன்னாங்களே? கல்யாண ஆல்பம் வேணா பாக்கலாமாம். அதுக்கு மேல அது தாங்காதாம்."

சகலை சிரிக்கக்கூட இல்லையாம். ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாராம். அதுதான் மேக்குக்காரருக்குப் பொறுக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் இலையைவிட்டு எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் தெருவில் இறங்கி நின்று சத்தம் போட்டார்: "இந்த கேம் இந்த மேக்ல ஓடுறத உங்க கண்ணுல காட்டுற வரைக்கும் நான் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்! உங்க மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்!"

மனைவி அந்த வாசலுக்கு உள்ளே இருக்கிறாள், பிரசவமும் அங்கேதான், பிள்ளையும் அங்கேதான் இருக்கும் என்பதெல்லாம் பஸ் ஒரத்தநாடு தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்ததாம். ஆனால் சபதம் சபதம்தானே என்றார் எங்களிடம். ஆமாம், இல்லையென்றால் எப்படி?

விடுதியில் வேலை ஆரம்பமாயிற்று. அந்த விளையாட்டை விண்டோஸுக்கென்று எழுதியிருக்கிறார்கள், மேக்குக்கு எழுதவில்லை. இதுதான் பிரச்சினை. எனக்கு அதைப் புரியவைக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை.

"இது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல சார். கேம் விண்டோஸ் பாஷையில கேக்குது, 'ஒரு டிராக்டர் வரை'ன்னு. மேக்குக்கு அந்தப் பாஷை தெரியாது, முழிக்குது. நடுவுல ஒரு தரகர உக்கார வச்சுட்டா, அவன் கேட்டு இவன்கிட்ட சொல்லுவான். முடிஞ்சது வேலை."

அந்தத் தரகர் இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருள். "இலவசமா வர்ற தரகர நம்ம ஊருல எங்கண்ணே பாத்திருக்கீங்க?" என்று கேட்டார் ரெப்பு. ரெப்பு என்பவர் மேக்குக்காரருக்குப் பக்கத்து அறை, மருந்து கம்பெனிப் பிரதிநிதி. வேளாங்கண்ணிப் பக்கம் படகு வைத்திருக்கிற குடும்பம். அவரிடம் நல்ல விண்டோஸ் லேப்டாப் ஒன்று இருந்தது.

"எதுக்குண்ணே தரகரு? என் லேப்டாப்புல அந்த கேம் தேமேன்னு ஓடும். எடுத்துட்டுப் போய்க் காட்டிட்டு வாங்க."

"நான் என்ன சொன்னேன்? இந்த மேக்லன்னு சொன்னேன்."

"சகலைக்குத் தெரியவா போகுது? மேல ஒரு துண்டப் போட்டு மூடிருவோம்."

மேக்குக்காரர் ரெப்புவிடம் மூன்று நாள் பேசவில்லை.

விளையாட்டை இணையத்திலிருந்து இறக்க ஆரம்பித்ததும் விடுதியின் கழுத்தில் கத்தி விழுந்தது. பிரம்மாண்டமான விளையாட்டு. இவர் அறைதான் வைஃபை பெட்டிக்குப் பக்கத்து அறை. மொத்த இணையமும் அங்கேயே நின்றுவிட்டது. மாடியில் இருந்தவர்களுக்கு ஒரு குட்மார்னிங் போவதற்குள் சாயங்காலம் ஆனது. வேடிக்கையைப் பாருங்கள். பரம்பரை பரம்பரையாகக் கடைமடையில் உட்கார்ந்து, 'மேலே இருக்கிறவன் எல்லாத்தையும் உறிஞ்சிட்டு எங்களுக்குச் சேத்தை விடுறான்' என்று சாலை மறியல் செய்த குடும்பம். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலைமடை கிடைத்தது. எந்தப் பண்ணையாரும் செய்யாத அக்கிரமத்தைச் செய்தார்.

விடுதி மானேஜருக்குக் கோபம் வந்தது. அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் ஆற்று மதகைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவர். அவருக்குத் தெரிந்த நிர்வாகம் ஒன்றுதான், முறை வைப்பது. வைஃபைக்கும் முறை வைத்துவிட்டார். காலையில் மாடி, மத்தியானம் கீழ்க்கட்டு, சாயங்காலம் பின்கட்டு. தன் முறை இல்லாதபோது யாராவது வீடியோ பார்த்தால், 'திருட்டு மடை வெட்டிட்டான்யா!' என்று நடைபாதையில் கத்துவார்.

"யோவ் தம்பி, ஆத்துத் தண்ணிய தலைமடைக்காரன் குடிக்கலாம், தப்பில்ல. நீ குடிக்கல. குளம் வெட்டி ரொப்புற."

"அய்யா, என் புள்ளை விஷயம்யா இது."

"உன் புள்ளை கம்ப்யூட்டருக்குள்ளயா பொறக்கப் போவுது?"

ஒருவழியாக விளையாட்டு இறங்கியது. தரகரை உட்காரவைத்து, முதல் முறையாகத் திறக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு விடுதியே அவர் அறையில் கூடிவிட்டது. சூடம் மட்டும்தான் ஏற்றவில்லை. திரை கறுத்தது, வெளுத்தது, மறுபடி கறுத்தது. பிறகு ஒரு வயல் தெரிந்தது. வானம் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. வயலின் நடுவே ஒரு டிராக்டர். அதற்குச் சக்கரம் இல்லை. மேலே ஒரு தொப்பி தனியாக மிதந்துகொண்டிருந்தது. தொப்பிக்குக் கீழே ஆள் இல்லை.

"ஓடுது பாருங்க!" என்று துள்ளினார் மேக்குக்காரர்.

"சக்கரம் எங்கண்ணே?" என்றார் ரெப்பு.

"மெயின் ஓடுதா பாருங்க. சக்கரம் பின்னால வரும்."

சக்கரம் வரவில்லை. அதற்குள் டிராக்டர் மெல்ல மெல்லத் தரையில் அமிழ ஆரம்பித்தது. "சேத்துல எறங்குது சார், நம்ம ஊரு வயலு மாதிரியே பண்ணிருக்கான்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தொப்பியும் முங்கிவிட்டது. மேக் தானாக அணைந்தது. அதைப் பார்க்க எனக்குத் துக்க வீட்டுக்கு வந்தது மாதிரி இருந்தது.

தரகர் சரியில்லை என்று அடுத்த யோசனைக்குப் போனார். மேக்குக்குள்ளேயே ஒரு பொய் விண்டோஸைக் குடிவைப்பது. உள்வாடகை மாதிரி. வீட்டுக்காரருக்கும் தெரியும், குடியிருக்கிறவருக்கும் தெரியும், ஆனால் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைக்கவேண்டும். அடுப்பு தாங்கவில்லை. அவருடைய மேக்கில் காற்றாடியும் கிடையாது. சத்தமே இல்லாமல் வேலை செய்யும் என்று ஒரு காலத்தில் எங்களிடம் பெருமையடித்த சமாசாரம் அது. இப்போது சத்தமில்லாமல் கொதித்தது. மீன் கடையில் சொல்லிவைத்து ஐஸ் கட்டி வாங்கிவந்தார். தாம்பாளத்தில் ஐஸைக் கொட்டி, மேலே பலகை, பலகை மேல் மேக், சுற்றிலும் நனைத்த சாக்கு, எதிரே டேபிள் ஃபேன். மேக்கிலிருந்து கெளுத்தி வாடை வந்தது. உள்ளே டிராக்டர் ஓர் அடி நகர்ந்து நின்றது. மறு அடி எடுத்துவைக்க அரை நிமிஷம் ஆயிற்று.

மானேஜர் வந்து எட்டிப் பார்த்தார். "புள்ளத்தாச்சிய அங்க உட்டுட்டு, இங்க கம்ப்யூட்டருக்கு ஒத்தடம் குடுக்குற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதற்கு நடுவில் ஊரிலிருந்து அவர் அப்பா போன் பண்ணுவார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மேக்குக்குச் சாக்கை நனைத்துக்கொண்டிருப்பார் இவர்.

"தம்பி, உழவுக்கு டிராக்டர் வந்து நிக்கிது. ஞாயித்துக்கெழமை வந்து கூட நில்லு. எனக்கு இடுப்பு புடிச்சிருக்கு."

"எப்படிப்பா வர்றது? இங்க டிராக்டரே நகரலப்பா."

"எந்த டிராக்டரு?"

"அது உங்களுக்குப் புரியாது."

அப்பாவுக்கு மட்டுமா, எங்களில் யாருக்குப் புரிந்தது? சொந்த வயல் ஈரம் காய்ந்துகொண்டிருக்க, எந்த நாட்டிலோ இருக்கிற கோதுமை வயலுக்கு இவர் ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ரெப்பு தெய்வத்தின் பக்கம் திருப்பினார். "எங்க ஊருப் பக்கம் மாதாவுக்கு வேண்டிக்கிட்டா நடக்கும்ணே. எங்க வீட்டுல படகு கிடைச்சப்போ படகுத் தகடு செலுத்தினோம். வீடு வேணும்னா வீட்டுத் தகடு, கண்ணுக்குக் கண்ணுத் தகடு. கம்ப்யூட்டருக்கும் இருக்கு." இருவரும் வேளாங்கண்ணிக்குப் போனார்கள். கடையில் நிஜமாகவே கம்ப்யூட்டர் உருவம் போட்ட தகடு இருந்திருக்கிறது. மேக்குக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாராம்.

"என்னண்ணே?"

"பாரு, பெரிய மானிட்டர், பக்கத்துல டப்பா. இது விண்டோஸ் மிஷின். இதக் குடுத்தா மாதாவே தப்பா எடுத்துக்குவாங்க."

"மாதாவுக்கு உங்க மனசு தெரியாதாண்ணே?"

"தெரியும். ஆனா சகலையோடத சரி பண்ணி வுட்டுட்டா?"

வெறுங்கையோடு மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்பினார்கள். அப்போதெல்லாம் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். டீக்கடையில் புதிதாக வருகிறவர்களுக்கு மேக்குக்காரர் கதைதான் எங்கள் முதல் உபசாரம்.

ஒரு நாள் காலையில் சிரிப்பு நின்றது. சுகந்திக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டதாகப் போன் வந்தது. மேக்குக்காரர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பத்திரிக்கு ஏது சபதம் என்று நாங்களும் நிம்மதியாக அனுப்பிவைத்தோம். மத்தியானமே திரும்பி வந்துவிட்டார்.

"என்னய்யா, புள்ளைய பாத்தியா?" என்றார் மானேஜர்.

மேக்குக்காரர் கட்டிலில் உட்கார்ந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"ஆஸ்பத்திரி வாசல்ல சகலை நிக்கிறாரு சார். கார அவருதான் ஓட்டிட்டு வந்திருக்காரு. மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டு எப்படி சார் அவரத் தாண்டி உள்ள போறது? எதுத்த டீக்கடையில நின்னு பாத்தேன். அவரு நகர்ற மாதிரி தெரியல. அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஓர் அறை விட்டிருப்பேன், கையெட்டும் தூரத்தில்தான் இருந்தார். மனிதனா இவன் என்று தோன்றியது. சுகந்திக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். சாயங்காலம் அந்தப் பெண் போனில் பேசியது நடைபாதை முழுவதும் கேட்டது.

"டீக்கடை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கீங்க. எங்க மாமா உங்களப் பாத்துட்டாங்க. நீங்க வருவீங்கன்னுதான் அவங்க வாசல்லயே நின்னாங்க, தெரியுமா?"

"சுகந்தி, கேம் இன்னும் கொஞ்சம்தான்..."

"கேமையே கொஞ்சுங்க. போட்டோகூட அனுப்ப மாட்டேன். பாக்கணும்னா வாங்க. இனிமே போன் பண்ணாதீங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சுகந்தி போனை எடுக்கவில்லை. சொன்னபடி படமும் அனுப்பவில்லை. ஊரார் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் பகல் முழுக்க ஸ்டூடியோவில் காதுகுத்து ஆல்பம் போட்டுவிட்டு வந்து, தன் பிள்ளை கறுப்பா சிவப்பா என்று தெரியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார் மேக்குக்காரர். ஐஸ் வாங்குவதும் நின்றுபோனது. தாம்பாளத்தை மானேஜர் எடுத்துப்போய்க் கழுவி வைத்தார்.

ரெப்புவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. "அண்ணே, கேம் என் லேப்டாப்புல ஓடட்டும். அந்தப் படத்த நெட்டு வழியா உங்க மேக்குக்கு அனுப்பிரலாம். நீங்க மேக்ல தட்டினா இங்க டிராக்டர் திரும்பும். நீங்க பட்டுக்கோட்டையில இருக்கலாம், என் லேப்டாப்பு இங்க இருக்கலாம். இதுக்குன்னே மென்பொருள் இருக்கு."

மேக்குக்காரர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அது எனக்கும் தெரியும். அது மேக்ல ஓடுறது இல்ல. மேக்ல தெரியுறது. டிவியில நெல்லு தெரிஞ்சா, டிவியில வெளஞ்சதுன்னு சொல்லுவியா?"

இந்த வீம்புக்குப் பஞ்சாயத்துதான் சரி என்று மானேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, இப்படித் திரும்பு. உங்கப்பாரு சாகுபடி பண்ணுற நெலம் யாருது?"

"கொஞ்சம் சொந்தம். மிச்சம் கோயில் நெலம், குத்தகை."

"கோயில் நெலத்துல வெளஞ்ச நெல்லு யாரு வீட்டுக்கு வந்துச்சு?"

"எங்க வீட்டுக்குத்தான்."

"நெலம் உங்களுது இல்லியே. அப்ப அது அடுத்தவன் நெல்லுன்னு சொல்லிட்டா சாப்புட்ட?"

மேக்குக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏன்யா, குத்தகைக்கு எடுத்து உழுதாலும் சாகுபடி உன்னுதுதான். இவன் லேப்டாப்ப நீ குத்தகைக்கு எடுத்துக்க. டிராக்டர் அதுல உழுவட்டும், மகசூலு உன் மேக்ல வந்து எறங்கட்டும். இது ஓடுனதா, ஓடலியா?"

"நியாயம்தான்" என்றார் மேக்குக்காரர். உடனே பூத்துண்டை எடுத்து மேக்கைத் துடைக்க ஆரம்பித்தார். தோற்றுப்போக யாராவது ஒரு வழி காட்டமாட்டார்களா என்று அந்த மனிதர் காத்திருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ் டிக்கெட்டை நான் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி எழுந்தேன்.

புறப்படுமுன் ஒத்திகை பார்த்தோம். மேக்கைத் தூக்கிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போனார். போனிலிருந்து இணையம் எடுத்து, ரெப்புவின் லேப்டாப்போடு இணைத்தார். வானம் நீலமாக வந்தது. தொப்பிக்குக் கீழே ஆள் இருந்தான். "சக்கரம் இருக்கு சார்" என்றார் என்னிடம், மெதுவாக. ஆனால் விடுதியில் யாரோ பாட்டு ஒன்றைத் திறந்ததும் டிராக்டர் திக்கித் திணறியது. மானேஜர் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமை இவர் பட்டுக்கோட்டை வாசலில் மேக்கைத் திறந்து காட்டுகிற நேரத்தில் விடுதியில் ஒருவருக்கும் வைஃபை கிடையாது. மாடி, கீழ்க்கட்டு, பின்கட்டு, எல்லா மடையும் அடைப்பு.

அதே ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் இறுதிப் போட்டி. எங்கள் மாடிக்காரர்கள் சோற்றை விட்டாலும் விடுவார்கள், கிரிக்கெட்டை விடமாட்டார்கள். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் ஒவ்வொருவராக வந்து மானேஜர் மேஜையில் போனை அணைத்து வைத்துவிட்டுப் போனார்கள். மேக்குக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பூத்துண்டில் சுற்றிய மேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பிள்ளைக்கு ஒரு கிலுகிலுப்பையாவது வாங்கிப் போகவேண்டும் என்று தோன்றவில்லை அவருக்கு. ரெப்பு ஓடிப்போய் ஒன்று வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

மத்தியானம், அணைக்காமல் விட்டுவைத்திருந்த என் போனுக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "வாசல்ல நிக்கிறேன் சார். பக்கத்து வீட்டு ஸ்டூல தெருவுல போட்டு மேக்க வச்சிருக்கேன். சகலை வர்றாரு. வுடுங்க சார்!"

மானேஜர் வைஃபை பெட்டியின் முன்னால் மதகடியில் நிற்பதுபோல நின்றார். ரெப்பு லேப்டாப்பைத் திறந்தார். இணைப்பு விழுந்தது. எங்கள் திரையில் கோதுமை வயலும் டிராக்டரும் தெளிவாகத் தெரிந்தன. பட்டுக்கோட்டைத் தெருவிலும் இதேதான் தெரியும். நாங்கள் எல்லோரும் ரெப்புவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிராக்டர் நகரவில்லை. இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நாங்களும் பார்த்தோம், பார்த்தோம். அது நின்ற இடத்திலேயே நின்றது.

"கட்டாயிடுச்சா?" என்றேன்.

"இல்ல சார், லைன் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பக்கம் யாரும் தட்டல" என்றார் ரெப்பு.

சண்டை வந்துவிட்டதோ, கைகலப்போ என்று மேக்குக்காரரின் போனுக்கு ஸ்பீக்கரில் போட்டு அடித்தேன். வேறொரு குரல் எடுத்தது.

"வணக்கங்க. நான் அவரு சகலை பேசுறேன். போன ஸ்டூல் மேலயே வச்சுட்டுப் போயிட்டாரு."

"எங்கங்க போனாரு?"

"உள்ளதாங்க. என்னக் கூப்புட்டு நிக்க வச்சு, 'இந்தா பாருங்க'ன்னு ஆரம்பிச்சாரு. அந்த நேரம் பாத்து உள்ள புள்ளை வீல்னு அழுதுச்சு. அவ்வளவுதான், என்ன இடிச்சுத் தள்ளிட்டு ஒரே ஓட்டமா ஓடிட்டாரு. செருப்பக்கூடக் கழட்டல. எங்க அத்தை, 'காலு கழுவுங்க மாப்பிள்ளை'ன்னு பின்னாடியே ஓடுறாங்க."

ரெப்பு போனில் குனிந்து கேட்டார்: "கேம் எப்படிங்க தெரியுது?"

"அது ஜோரா ஓடுதுங்க. பாக்கத்தான் ஆளில்ல." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் வேணா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்றார் சகலை.

எங்கள் திரையில் டிராக்டர் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டது. தேங்காய் மண்டிக்காரர் நடுத்தெருவில் குந்திக்கொண்டு, மேக்கில் தட்டித் தட்டிக் கோதுமைக்குள் வளைந்து வளைந்து போனார். போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. அதன் வழியே வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. முதலில் பிள்ளை அழுதது. அது நின்றதும் பெரிய ஆள் ஒருவர் அழுகிற சத்தம் கேட்டது. "போதும் போதும், மொதல்ல செருப்ப வெளிய வுடுங்க" என்று சுகந்தி சொல்வதும் கேட்டது. அந்தக் குரலில் கோபமே இல்லை. மானேஜர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேர்க்கிறது என்றார். கிரிக்கெட்டில் யார் ஜெயித்தார்கள் என்று அன்றைக்கு எங்களில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மேக்குக்காரர் அதற்குப் பிறகு விடுதிக்குத் திரும்பியது சாமானை எடுக்க மட்டும்தான். திருத்துறைப்பூண்டியிலேயே ஒரு ஸ்டூடியோவில் வேலை தேடிக்கொண்டார். அவருடைய அறைக்கு இப்போது ஒரு பேங்க் ஆள் வந்திருக்கிறார். சத்தம் போடமாட்டார், தன் முறை வந்தால்தான் வைஃபையைத் தொடுவார், எதற்கும் யாரிடமும் சண்டைக்குப் போகமாட்டார். தங்கமான பையன். அவர் கதவைத் திறக்கும்போதெல்லாம் நான் வேறு யாரையோ எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்துவிட்டு ஏமாந்துபோகிறேன்.